தங்க அட்டைக்காரியின் ஓரகத்தி

ஊசியக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது வேலையால்தான், குணத்தால் இல்லை என்று அவள் புருஷன் எல்லோரிடமும் சொல்வார். சொல்லிவிட்டு, "ஆனா ரெண்டுக்கும் பொருத்தம்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொள்வார். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. வெறும் வயிற்றோடு வந்து, கொட்டாவியும் கோபமுமாகக் காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, "கையை மூடுங்க, அந்தப் பக்கம் பாருங்க, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பாள். அவர்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ட்யூப் நிறைந்திருக்கும். மதியம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வழியில் சூப்பர் மார்க்கெட்டில் வேண்டியதை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள்.

வீடு இரண்டு தளம். கீழே ஊசியக்காவும் லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷனும். மேலே கொழுந்தனும் அவன் மனைவியும். கொழுந்தன் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். அவன் மனைவிக்குக் குடும்பத்தில் பெயர் சின்னவள். அக்காவும் சின்னவளும் வாய்விட்டுச் சண்டை போட்டதே கிடையாது. "அக்கா", "சொல்லும்மா" என்றுதான் பேச்சு. ஆனால் அக்காவுக்குள் ஒன்று புகைந்துகொண்டே இருந்தது. சின்னவள் உடுத்தினால் பழைய துணியும் கடை பொம்மைக்குப் போட்டதுபோல் நிற்கும். சின்னவள் தொட்டியில் வைத்த செடி பூக்கும். அதே செடியிலிருந்து கிள்ளிவந்து கீழே வைத்தால் இலையோடு நின்றுவிடும். "வெயில்கூட முதல்ல அவ வீட்டுக்குத்தான் போகுது. அங்கே காயற துணியோட தண்ணிதான் நம்ம பால்கனிக்கு வருது" என்பாள் அக்கா. "மாடின்னா அப்படித்தான்டி இருக்கும்" என்று புருஷன் சொன்னால், அவரும் அந்தக் கட்சி என்று முடிவுகட்டிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அக்காவையும் அவள் புருஷனையும் மேலே சாப்பிடக் கூப்பிட்டாள். சமையல் மேடையில் கறுப்பு நிறத்தில், முட்டை வடிவத்தில், பளபளவென்று ஒரு ஏர் ஃப்ரையர் உட்கார்ந்திருந்தது. அதன் இழுப்பறையை இழுத்துப் பொன்னிறத்தில் உருளைக்கிழங்கைக் கொட்டினாள் சின்னவள்.

"எவ்வளவும்மா விலை?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரு காசு குடுக்கலக்கா. எல்லாம் சூப்பர் மார்க்கெட் பாயின்ட்ல வந்தது."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அக்காவின் புருஷன் இரண்டாம் முறை தட்டை நீட்டினார். "எண்ணெயே இல்லாம இப்படி வருதா! நம்ம வீட்ல கிழங்கு நீச்சல் அடிக்குமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் தட்டிலிருந்த கிழங்கைப் பாதியிலேயே ஓரமாக ஒதுக்கிவைத்தாள். கொழுந்தன் வேறு, "அண்ணி, இவ கெட்டிக்காரி. செலவுல இருந்தே வரவு எடுக்கறா" என்றான். புருஷனிடமிருந்து தனக்கு இப்படி ஒரு வார்த்தை எப்போதாவது வந்திருக்கிறதா என்று யோசித்தபடியே அக்கா படி இறங்கினாள்.

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் சலவைத்தூள், எண்ணெய், ஷேவிங் பிளேடு எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டு கவுண்டரில் நின்றாள். கேஷியர் பெண் தலை நிமிராமல், "நம்பர் சொல்லுங்க" என்றாள். அக்காவின் வாய் பழக்கதோஷத்தில் தொலைபேசி எண்ணைச் சொல்ல ஆரம்பித்தது. பாதியில் நின்றது. அது சின்னவளின் எண்.

வாங்கும் சாமானுக்கெல்லாம் பாயின்ட் சேரும் அந்த அட்டைத் திட்டம் கடையில் வந்த புதிதில் சின்னவள்தான் சொல்லியிருந்தாள்: "நீங்க வேலைக்கு ஓடறவங்க, இதெல்லாம் பாக்க உங்களுக்கு எங்கக்கா நேரம்? கடையில கேட்டா என் நம்பரைச் சொல்லிடுங்க." எவ்வளவு பாசமாகச் சொன்னாள்! அன்றிலிருந்து தன் வீட்டு அரிசிக்கும் பருப்புக்கும் சோப்புக்கும் அக்கா அந்த எண்ணைத்தான் சொல்லிவந்திருக்கிறாள். அப்படியானால் மேல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்பு முட்டையில் கைப்பிடியாவது தன்னுடையது. அதில் பொரித்த கிழங்கை அக்காவுக்கே பரிமாறி, அக்காவின் புருஷனிடமே பாராட்டும் வாங்கிக்கொண்டாள் சின்னவள்!

"மீதி நம்பர்?" என்றாள் கேஷியர் பெண்.

"அது வேற ஆளோடது. என் பேர்ல புதுசா ஒண்ணு போடும்மா."

பச்சை நிறத்தில் ஒரு அட்டை வந்தது. அக்கா அதைக் கைப்பையின் உள்ளறையில், லேப் அடையாள அட்டைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள்.

அதிலிருந்து அவள் கைப்பேசிக்கு ஓய்வில்லை. "உங்களுக்காக மட்டும்" என்று தொடங்கி ஒரு செய்தி வரும். வெள்ளிக்கிழமை இரட்டைப் பாயின்ட். இரண்டு பாட்டில் எடுத்தால் மும்மடங்கு. உங்களுக்காக மட்டும் என்றதை அக்கா நம்பினாள். வேறு யாரும் அவளுக்காக மட்டும் என்று எதையும் செய்ததில்லை. தெருமுனையில் வழக்கமாகக் காய் வாங்கும் வண்டியைத் தாண்டிப்போய், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கத்திரிக்காயைக் கூடுதல் விலைக்கு வாங்கினாள். கட்டிலுக்கு அடியில் தரை துடைக்கும் திரவம் வரிசை கட்டியது. நேற்றுவரை கேள்விப்படாத கம்பெனிகளின் ஷாம்பு குளியலறையில் இடம் பிடித்தது. ஒருநாள் பூனைத் தீவனம் வந்தது.

புருஷன் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார். "பூனை எங்க?"

"அதுக்கு அஞ்சு மடங்கு பாயின்ட்."

"சரி. பூனை எங்க?"

"எங்கயாவது ஒரு பூனை இருக்கும், போடலாம்" என்று எரிந்துவிழுந்தாள்.

அவள் குறிவைத்தது மைக்ரோவேவ் அடுப்பு. கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருக்கும். கீழே, எத்தனை பாயின்ட் வேண்டும் என்று எழுதியிருக்கும். ஏர் ஃப்ரையரைவிட ஒரு படி மேல். அதை வாங்கிவைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவளைக் கீழே சாப்பிடக் கூப்பிட வேண்டும். "எவ்வளவுக்கா?" என்று அவள் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும் தொனியைக்கூட அக்கா தயார் செய்துவைத்திருந்தாள். ரொம்ப அலட்சியமாகச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்த வேண்டும்.

மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வாயைக் கிளறுவாள். "உனக்கு இப்ப எவ்வளவு சேந்திருக்கு?"

"பாக்கலக்கா" என்பாள் சின்னவள்.

பார்க்கவில்லையாம்! நாமோ ரத்தம் எடுக்கும் இடைவெளியில், கையுறையைக் கழற்றிவிட்டு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம். பார்க்காமலே சேர்கிறதே அவளுக்கு என்று அக்காவுக்கு வயிறு எரியும்.

பொறாமை உச்சிக்கு ஏறியது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இரட்டைப் பாயின்ட் நாள் என்பதால் கடையில் கால் வைக்க இடமில்லை. அக்கா நிறைந்த ட்ராலியோடு வரிசையின் கடைசியில் நின்றாள். ஐஸ்கிரீம் டப்பாவின் வெளிப்புறம் வியர்க்கத் தொடங்கியிருந்தது. அப்போது, ஒரே ஒரு கூடையோடு சின்னவள் வந்தாள். நேரே ஓரத்திலிருந்த கவுண்டருக்குப் போனாள். அங்கே மஞ்சள் விளக்கு எரிந்தது, வரிசையில் ஆளே இல்லை. சின்னவள் கையில் இருந்த அட்டை பச்சை இல்லை, நிறையப் பாயின்ட் சேர்த்தவர்களுக்குக் கொடுக்கும் தங்க நிறம்.

திரும்பியவள் அக்காவைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. "அக்கா! ஏன் அங்க நிக்கறீங்க? இது கோல்டு கவுண்டர். என்கூட வந்துடுங்க, என் அட்டையிலயே போட்டுடலாம்!"

வரிசையில் இருந்த அத்தனை தலையும் அக்காவின் பக்கம் திரும்பியது.

"நீ போம்மா. எனக்கு இன்னும் வாங்க வேண்டியது இருக்கு" என்றாள் அக்கா. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வரிசையை விட்டு வெளியே வந்து, தேவையே இல்லாமல் பிஸ்கட் அலமாரி வரைக்கும் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் கடைசியில் வந்து நின்றாள். வீடு சேர்ந்தபோது ஐஸ்கிரீமைக் குடிக்கலாம் போலிருந்தது. புருஷன் உண்மையிலேயே டம்ளரில் ஊற்றிக் குடித்தார். அன்று முழுக்க அவரோடு அவள் பேசவில்லை.

கடைசியில் வேண்டிய பாயின்ட் சேர்ந்தே விட்டது. பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா கடைக்குப் போனாள். மைக்ரோவேவைத் தூக்கிவர புருஷனையும் வரச்சொல்லியிருந்தாள். வாடிக்கையாளர் மேசையில் இருந்தவன் அட்டையைத் தேய்த்துப் பார்த்தான்.

"இந்த மாசத்துல இருந்து பாயின்ட் மதிப்பை மாத்திட்டாங்க மேடம். மைக்ரோவேவுக்கு இது பத்தாது. மெசேஜ் அனுப்பியிருப்பமே?"

அனுப்பியிருப்பார்கள். அவர்கள் அனுப்பிய செய்திகளுக்கு நடுவில் அது எங்கேயோ புதைந்திருக்கும்.

"அப்ப இதுக்கு என்ன வரும்?"

மூடி போட்ட கண்ணாடி டப்பாக்கள் வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சின்னப் பெட்டி. மைக்ரோவேவைத் தூக்க வந்த புருஷன் அதை ஒரு விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்து, இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து வைத்தார். கூடமே கடையானது.

"இதுல எதெல்லாம் நமக்கு வேணும்னு வாங்கினது? அதை மட்டும் எடுத்துத் தனியா வை" என்றார்.

அக்கா ஒரு சலவைத்தூளையும் இரண்டு சோப்பையும் நகர்த்தினாள். கை நின்றுவிட்டது.

"மிச்சத்துக்குக் குடுத்த காசுக்கு அந்த அடுப்பை ரொக்கமா வாங்கியிருக்கலாம். பூனையும் வளத்திருக்கலாம்."

"அப்ப அவளுக்கு மட்டும் எப்படி லாபம் வருது?" என்று கேட்டாள் அக்கா. கோபத்தில் ஆரம்பித்த கேள்வி, முடிவதற்குள் குரல் உடைந்துபோயிற்று. புருஷன் மறுபடி குனிந்து, எல்லாவற்றையும் பழையபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

பதில் சில வாரம் கழித்து, அக்காவின் மேசைக்கே வந்தது. காலைக் கூட்டம் கரைந்த நேரம். "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"நீயா? என்னம்மா ஆச்சு?"

"படி ஏறினா மூச்சு வாங்குதுக்கா. தலை சுத்துது. டாக்டர் டெஸ்ட் எழுதிக் குடுத்தார்." உட்கார்ந்து கையை மேசைமேல் நீட்டினாள். "வீட்ல அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எதுக்கு டெஸ்ட்டு, எவ்வளவு ஆச்சு, அது அவசியமான்னு கேட்டுக்கிட்டே இருப்பார். காசு நானே கட்டிட்டேன்."

அக்கா ரப்பர் பட்டையைக் கட்டினாள். அந்தக் கை இவ்வளவு மெலிந்திருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. "உன்கிட்ட ஏது காசு?"

சின்னவள் திரைப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "பாயின்ட்தான்க்கா."

"பாயின்ட்ல லேப்புக்கு எப்படிக் கட்டுவே?"

"கடையில சாமானுக்குப் பாயின்ட்டைக் கழிச்சுக்கச் சொல்லிடுவேன். அவர் குடுத்த பணத்துல அந்த அளவு என்கிட்ட நின்னுடும். பில்லுல மொத்தம் மேல இருக்கும், கழிச்சது கீழ பொடி எழுத்துல இருக்கும். அவர் மொத்தத்தைத்தான் பாப்பார்." குனிந்தபடி சிரித்தாள். "ஊரான் கணக்கையெல்லாம் பாக்கறவருக்குக் கண்ணாடி போட்டுக்க மட்டும் வெக்கம்."

"அப்ப ஏர் ஃப்ரையர்?"

"அது ஒரு சாக்குக்கா. ஒரு பொருளாவது வீட்டுக்கு வந்தாதானே, பாயின்ட்டெல்லாம் எங்க போகுதுன்னு கேக்க மாட்டார்."

அக்கா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, தொட்ட இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவு சேருதா உனக்கு? எனக்கு டப்பாதான் வந்துது."

"ஒரு வீட்டுச் சாமானுக்கு என்னக்கா பெரிசா வரும், ஒரு சோப்பு வந்தா அதிகம். நான் வீட்டுக்கு வேண்டியதைத் தவிர ஒண்ணும் எடுக்க மாட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர், எதிர் வீட்டுக்காரங்க, நீங்க, எல்லாரும் என் நம்பரைச் சொன்னீங்க. அதான் சேந்துது. நீங்க நிறுத்தினதும் கொஞ்சம் இறங்கிடுச்சு." அவசரமாக, "தப்பா சொல்லலக்கா, உங்க சாமான், உங்க பாயின்ட்" என்றாள்.

ஊசி ஏறியது. சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடே பேசினாள். "காலையில நீங்க கேட்டைத் திறக்கற சத்தம் மேல கேக்கும். எழுந்து வந்து பால்கனில நின்னு பாப்பேன். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு யாரையும் கேக்காம போயிடுவீங்க. பொறாமையா இருக்கும்க்கா. சொன்னா கோவிச்சுக்காதீங்க."

அக்கா கோவித்துக்கொள்ளவில்லை. முதலில் அவளுக்கு வந்தது இரக்கமும் இல்லை. ஒரு குளிர்ச்சி, நெஞ்சு முழுக்க. இத்தனை வருஷம் மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது தனக்குத்தான் என்று நினைத்திருந்தாளே! சின்னவள் கீழே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. பஞ்சை வைத்து அழுத்தி, "கையை மடக்கிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ரிப்போர்ட்டில் ரத்தம் குறைவு என்று வந்தது. மாத்திரையை அக்காவே வாங்கிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் மறைத்தாள். லேப்பில் முன்மேசையில் பெயர் பதியும் பெண் வேலையை விட்டுப் போவதாக இருந்தாள். "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று மேனேஜர் கேட்டார். சின்னவளின் முகம்தான் சட்டென்று மனதில் வந்தது. "யாரும் இல்ல சார்" என்றாள் அக்கா. வெயில் அவளுக்கு, பூ அவளுக்கு, புகழ் அவளுக்கு. இந்த ஒரு இடமாவது தனக்கென்று இருக்கட்டும் என்று பட்டது.

அந்த மறைப்பு நீடிக்கவில்லை. அதை உடைத்தது கொழுந்தன்தான். ஒரு மாலை கீழே வந்து உட்கார்ந்தவன், "அண்ணி, இவ எப்பப் பாத்தாலும் அசதின்னு படுத்துக்கறா. வீட்ல அப்படி என்ன வேலை இருக்கு இவளுக்கு?" என்றான். சின்னவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கையில் இரண்டு வீட்டுக்கும் நறுக்கிய காய்.

அக்காவுக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "வீட்ல வேலை இல்லன்னா வெளியில இருக்கு. எங்க லேப்ல முன்மேசைக்கு ஆள் வேணுமாம். நாளைக்குக் காலையில என்கூட அனுப்பு" என்றாள். பொறாமை விழித்துக்கொண்டு வாயைப் பொத்துவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"அப்ப சமையல் யாரு பாக்கறது?"

அக்காவின் புருஷன் நாளிதழை இறக்கினார். "ஏன், மேல ஒரு மெஷின் இருக்கே. கிழங்கைப் போட்டு பட்டனைத் தட்டு. நான் கத்துத் தரேன்."

சின்னவள் வேலைக்கு வந்தாள். முதல் வாரம் கம்ப்யூட்டரைக் கண்டு பயந்தாள். இரண்டாம் வாரம் வருகிறவர்களை முகம் பார்த்தே அடையாளம் கண்டாள். மாதம் முடிவதற்குள், வெறும் வயிற்றுக் கோபத்தோடு வருகிறவர்கள்கூட அவள் மேசையைத் தாண்டும்போது சிரித்தார்கள். மேனேஜர் தனக்கு டீ சொல்லும்போது அவளுக்கும் சேர்த்துச் சொன்னார். அக்காவுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அக்கா லேபிள் ஒட்டுவாள். கோணலாக ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டுவாள்.

சம்பளம் வந்ததும் சின்னவள் பாயின்ட்டை மறந்தேபோனாள். தெருமுனை வண்டியிலும் பக்கத்துக் கடையிலும் எது மலிவோ அதை வாங்கினாள். தங்க அட்டை புதுப்பிக்காமல் காலாவதியானது. அக்காவும் கடையிலிருந்து வரும் செய்திகளை நிறுத்திவைத்துவிட்டாள். இப்போது வேண்டியதை மட்டும் வாங்குகிறாள், தன் எண்ணைச் சொல்கிறாள், வருஷக் கடைசியில் அந்தப் பாயின்ட்டில் ஒரு எண்ணெய்ப் புட்டி வருகிறது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை என்று யார் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பழையபடி சின்னவளின் எண்ணைச் சொல்ல மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. காலாவதியான பிறகும் வரவில்லை.

போன மாதம் லேப்புக்கு இன்னொரு கிளை திறந்தார்கள். அங்கே முன்மேசைக்குப் பொறுப்பாளராகச் சின்னவளைப் போட்டார்கள். செய்தி தெரிந்ததும் அவள் ஓடிவந்து திரையை விலக்கினாள். "அக்கா, எல்லாம் உங்களாலதான்!" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷம்மா" என்றாள் அக்கா. அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

சின்னவள் போனதும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். பல வருஷமாக வரும் பெரியவர். அக்கா பட்டையைக் கட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு அகப்படவில்லை. குத்தினாள், ட்யூபில் ஒரு சொட்டும் வரவில்லை.

"என்னம்மா, இன்னைக்கு மனசு இங்க இல்லையா?" என்றார் பெரியவர்.

"இங்கதான் இருக்கு. அந்தக் கையைக் குடுங்க" என்றாள் ஊசியக்கா.